'டெட்' என்றால் சாவு மட்டும்தானா? ஆங்கிலத்தில் புதிதாகப் பேசிப் பழகுவோருக்கு ஒரு சொல் வழிகாட்டி

வேடிக்கையான காணொளி ஒன்றை நண்பருக்கு அனுப்புகிறீர்கள். ஒரு மண்டையோட்டுப் படமும் 'ஐ ஆம் டெட்' என்ற வரியும் பதிலாக வருகின்றன. அதே நாள் அலுவலகக் கூட்டத்தில் மேலாளர் 'தட் ப்ராஜெக்ட் இஸ் டெட்' என்கிறார். வயரிங் பார்க்க வந்தவர் சுவரில் நீட்டிக்கொண்டிருக்கும் கம்பியைக் காட்டி 'திஸ் ஒன் இஸ் டெட்' என்கிறார். மாலையில் இங்கிலாந்தின் வடபகுதிக்காரர் ஒருவர், உங்கள் விளக்கவுரையைக் கேட்டுவிட்டு 'தட் வாஸ் டெட் குட்' என்று கை குலுக்குகிறார். நான்கு இடத்திலும் சொல் ஒன்றுதான், சாவு எதிலும் இல்லை. முதலாவது சிரிப்பு, இரண்டாவது கைவிட்ட வேலை, மூன்றாவது மின்சாரம் இல்லை என்ற தகவல், நான்காவது மனமாரப் பாராட்டு.

அகராதியைத் திறந்தால் இந்தச் சொல்லுக்குப் பொருள் பக்கம் பக்கமாக ஓடும். அதை மனப்பாடம் செய்ய உட்கார்ந்தால் பாதியில் விட்டுவிடுவீர்கள். மனப்பாடம் தேவையும் இல்லை. சாவின் எந்தக் குணத்தை எடுத்துக்கொண்டு பேசுகிறார்கள் என்று கண்டுபிடிக்கப் பழகினால், இதுவரை கேட்டிராத தொடரையும் பெரும்பாலும் நீங்களே அவிழ்த்துவிடலாம்.

படி 1: முதலில் வாயைச் சரிசெய்யுங்கள்

எழுத்தில் டி, இ, ஏ, டி என நான்கு. நடுவில் இரண்டு உயிரெழுத்து இருப்பதால் 'டீட்' என்று இழுக்கத் தோன்றும். 'டீட்' வேறு சொல்; செயல் அல்லது சொத்துப் பத்திரம் என்று பொருள். நம் சொல் 'ரெட்', 'பெட்' என்பவற்றோடு எதுகை சேரும் குறில்.

இதைவிட நமக்கு அதிகம் இடறும் இடங்கள் இரண்டு. ஒன்று, அப்பாவைக் குறிக்கும் 'டாட்'. அதைச் சொல்லும்போது 'பேங்க்' என்பதில் போலத் தாடை நன்றாகக் கீழே இறங்க வேண்டும். இறங்காவிட்டால் அப்பா வீட்டில் இருக்கிறார் என்று நீங்கள் சொல்வது, கேட்பவர் காதில் வேறாக விழும்.

இரண்டாவது, கடனைக் குறிக்கும் சொல். தமிழில் எழுதினால் அதுவும் 'டெட்' தான்! ஆங்கிலக் காதுக்கு அவை வெவ்வேறு சொற்கள். சாவைக் குறிக்கும் சொல்லின் கடைசி ஒலி 'நாடு', 'வீடு' என்பவற்றில் வரும் மென்மையான டகரம். அதற்கு முன்னுள்ள எகரமும் ஒரு துளி நீளும். கடன் என்னும் சொல்லின் கடைசி ஒலி 'பாட்டு', 'வீட்டு' என்பவற்றில் போல வெட்டி முடியும். 'ஹி இஸ் இன் டெட்' என்றால் அவர் கடனில் இருக்கிறார். கடைசியில் 'டெட்டு' என்று உகரம் சேர்த்தால் இந்த வேறுபாடு காணாமல் போய்விடும். கண்ணாடி முன் நின்று 'வீடு, வீட்டு' என்று நான்கு முறை மாற்றிச் சொல்லிவிட்டு, அதே ஒலியில் இரண்டு ஆங்கிலச் சொற்களையும் சொல்லிப் பாருங்கள்.

அழுத்தம் எங்கே விழுகிறது என்பதையும் இப்போதே பழகிவிடுங்கள். 'டெட்லைன்', 'டெட்லாக்', 'டெட்லிஃப்ட்' என ஒட்டி எழுதும் சொற்களில் அழுத்தம் முதல் அசையில் விழும். 'டெட் டயர்ட்', 'டெட் ராங்' எனப் பிரித்து எழுதுபவற்றில் பின்னால் வரும் சொல்லும் அழுத்தமாக ஒலிக்கும். சில இடங்களில் இந்த அழுத்தம்தான் பொருளையே முடிவுசெய்கிறது. பிரித்து எழுதும் 'டெட் பீட்' அடித்துப்போட்டது போன்ற களைப்பு. ஒட்டி எழுதி முதல் அசையை அழுத்தினால் 'டெட்பீட்': வாங்கிய கடனைத் தராதவர், பிள்ளைக்குக் கொடுக்க வேண்டிய பராமரிப்புப் பணத்தைக் கொடுக்காத தகப்பன். 'ஐ ஆம் டெட் பீட்' என்று களைப்பைச் சொல்ல நினைத்து 'ஐ ஆம் எ டெட்பீட்' என்று சொல்லிவிட்டால், நான் கடனைத் தராத ஆள் என்று நீங்களே அறிவித்ததாகும்.

படி 2: சாவின் எந்தக் குணம் என்று கேளுங்கள்

செத்த உடல் அசையாது. கூப்பிட்டால் பதில் தராது. திரும்பி வராது. சாவில் அரைகுறை என்பதும் கிடையாது. இந்த நான்கு குணங்களிலிருந்துதான் ஏறக்குறைய எல்லாப் பொருளும் கிளைத்திருக்கின்றன.

தமிழும் இதே வேலையைச் செய்கிறது என்பதால் நமக்கு இது புதிதல்ல. வெகுநேரம் சம்மணமிட்டு உட்கார்ந்தால் கால் மரத்துப்போகும். உயிருள்ள கால் மரமாகிவிட்டது என்கிறோம். ஆங்கிலத்தில் அதே கால் 'கான் டெட்'. காய்ந்த கிளையைப் பட்டுப்போனது என்கிறோம். அவர்களுக்கு அது 'டெட்வுட்'. அலுவலகத்தில் சம்பளம் வாங்கிக்கொண்டு வேலை எதுவும் செய்யாதவரையும் அந்தச் சொல்லாலேயே குறிக்கிறார்கள்.

அசையாமை: 'ஷி ஸ்டாப்ட் டெட்' என்றால் நடந்துகொண்டிருந்தவள் அப்படியே சிலையாக நின்றுவிட்டாள். உடற்பயிற்சிக் கூடத்தின் 'டெட்லிஃப்ட்' பெயரும் இதிலிருந்துதான். தரையில் அசைவற்றுக் கிடக்கும் எடையை, எந்த வேகத்தின் உதவியும் இல்லாமல் முழுக்கத் தூக்க வேண்டும். கட்டடப் பொறியாளர்கள் சொல்லும் 'டெட் லோட்' கட்டடத்தின் சொந்த எடை, அதாவது சுவர், தளம், கூரை என நகராமல் இருப்பவற்றின் எடை. ஆட்கள், நாற்காலி மேசைகள் என வந்து போவது 'லைவ் லோட்'.

பதில் தராமை: 'டெட் பேட்டரி', 'டெட் லிங்க்', திரையில் ஒளிராத புள்ளியான 'டெட் பிக்சல்', வானொலியில் திடீரென விழும் மௌனமான 'டெட் ஏர்', கைப்பேசிக்குச் சிக்னல் கிடைக்காத 'டெட் ஸோன்'. எழுப்பினாலும் எழாமல் அடித்துப்போட்டாற்போலத் தூங்குபவர் 'டெட் டு தி வேர்ல்ட்'. கடையோ விருந்தோ களையிழந்து ஆளில்லாமல் கிடந்தால் 'இட்ஸ் டெட் இன் ஹியர்'.

திரும்பாமை: முட்டுச்சந்து 'டெட் எண்ட்'. வளர்ச்சிக்கே வழியில்லாத வேலை 'டெட்-எண்ட் ஜாப்'. தாய்மொழியாகப் பேசுவோர் இல்லாமல்போன மொழி 'டெட் லாங்வேஜ்'. புத்தகத்தில் இருந்தும் யாரும் நடைமுறைப்படுத்தாத சட்டம் 'டெட் லெட்டர்'. செத்த பாம்பை அடிப்பது என்று நாம் சொல்வது அங்கே 'ஃப்ளாகிங் எ டெட் ஹார்ஸ்'. பாம்புக்குப் பதில் குதிரை. முடிந்துபோன விஷயத்தை மேலும் மேலும் கிளறுவதில் பயனில்லை என்பதே அதன் பொருள்.

நான்காவது குணமான முழுமைதான் புதியவரை அதிகம் குழப்புகிறது. அதைத் தனியாகவே பார்க்க வேண்டும்.

படி 3: பக்கத்துச் சொல்லைப் பாருங்கள்

'டெட்' என்பதற்குப் பின்னால் பொருளின் பெயர் வந்தால் அது உயிரற்றது, இயங்காதது, பயனற்றது. பின்னால் 'டயர்ட்', 'ராங்', 'ஸீரியஸ்' போலத் தன்மையைச் சொல்லும் சொல் வந்தால், சாவை மறந்துவிட்டு 'முழுக்க', 'அப்பட்டமாக' என்று போட்டுப் படியுங்கள். 'டெட் ஸீரியஸ்' என்றால் துளியும் விளையாட்டில்லை. 'டெட் ராங்' என்றால் அடியோடு தவறு. 'டெட் செட் அகேன்ஸ்ட்' என்றால் ஒரேயடியாக எதிர்ப்பு.

இடமும் அளவும் வரும்போது 'துல்லியமாக' என்று போடுங்கள். 'டெட் சென்டர்' நட்டநடு. 'டெட் அஹெட்' நேர் எதிரே. 'டெட் ஆன் டைம்' ஒரு நிமிடம்கூடப் பிசகாமல். 'டெட் லெவல்' என்று தச்சர் சொன்னால் மட்டப்பலகையின் குமிழி இரு கோட்டுக்கும் சரிநடுவில் நிற்கிறது.

'தி' என்ற முன்சொல்லோடு தனியாக வந்தால் இரண்டு வாய்ப்பு. ஒன்று, இறந்தவர்கள், இது எப்போதும் பன்மை, 'தி டெட் ஆர்' என்றுதான் தொடரும், ஒருவரைக் குறிக்க உதவாது. மற்றொன்று 'தி டெட் ஆஃப் நைட்', நட்டநடு ராத்திரி. 'தி டெட் ஆஃப் விண்டர்' என்றால் குளிர் உச்சத்தில் இருக்கும் காலம்.

இந்த முழுமைப் பொருளை எல்லாச் சொல்லோடும் ஒட்டலாம் என்று நினைத்தால் அங்கேதான் சறுக்கும். ஆங்கிலம் பேசும் எந்த நாட்டிலும் தயங்காமல் பயன்படுத்தக்கூடியவை சில: 'டெட் டயர்ட்', 'டெட் ஸீரியஸ்', 'டெட் ராங்', 'டெட் ரைட்', 'டெட் சைலன்ட்', 'டெட் ஸ்ட்ரெயிட்', 'டெட் ப்ரோக்'. கடைசியில் உள்ளது கையில் காசே இல்லை என்பது. 'டெட் குட்', 'டெட் நைஸ்', 'டெட் ஃபன்னி' என்று இனிமையான சொற்களோடு சேர்ப்பது பிரிட்டன் வழக்கு. லிவர்பூல், மான்செஸ்டர் போன்ற வடபுல ஊர்களில் அதிகம் கேட்கலாம். அமெரிக்கரிடம் 'டெட் நைஸ்' என்றால் ஒரு கணம் விழிப்பார். நாமும் 'பயங்கரம்' என்ற அச்சச் சொல்லை வைத்துக்கொண்டு 'பயங்கரமா நல்லா இருந்துச்சு' என்கிறோம் அல்லவா? அதே போக்குதான், ஊர் மட்டும் வேறு.

கப்பலில் இந்தப் பொருளைக் கண்ணாலேயே பார்க்கலாம். கப்பலைச் செலுத்தும் மேல்தள அறையிலிருந்து எஞ்சின் அறைக்கு ஆணை அனுப்பும் பழைய வட்டமுகப்புக் கருவியில் முழு வேகம், அரை வேகம், மெதுவாக என்ற வரிசைக்குக் கீழே 'டெட் ஸ்லோ' என்று ஒரு கட்டம் இருக்கும். எஞ்சின் ஓடிக்கொண்டே இருக்க, எவ்வளவு குறைவாக நகர முடியுமோ அவ்வளவு குறைவான வேகம். பிரிட்டனில் கிடங்கு வாசலிலும் கட்டுமான இடங்களிலும் இதே இரண்டு சொல்லைப் பலகையில் எழுதி வைத்திருப்பார்கள். 'செத்தவர், மெதுவாக' என்று படித்துப் பயப்பட வேண்டாம். வண்டியை ஊர்ந்து ஓட்டச் சொல்கிறார்கள்.

நெருங்கிய உறவுச் சொற்கள் இரண்டு. 'டெட்லி' என்பது உயிரைப் பறிக்கக்கூடியது: 'டெட்லி பாய்சன்'. 'டெத்லி' என்பது சாவைப் போன்றது: 'டெத்லி பேல்' என்றால் பிணம்போல வெளிறிய முகம். 'டெட் ஸீரியஸ்', 'டெட்லி ஸீரியஸ்' இரண்டும் ஏறக்குறைய ஒரே பொருளில் வரும். ஆனால் 'டெட்லி டயர்ட்' என்று சொல்லாதீர்கள், காதுக்கு ஒட்டாது.

மின்சாரம் பேசும் இடத்தில்

மற்ற இடங்களில் பொருள் தவறினால் சிரிப்போடு முடிந்துவிடும். இங்கே தவறினால் கை போகும். மின்பணியில் 'டெட்' என்றால் மின்னோட்டம் இல்லாதது, எதிர்ச்சொல் 'லைவ்'. பழுதானது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. 'திஸ் சர்க்யூட் இஸ் டெட்' என்றால் அது கெட்டுப்போய்விட்டது, மாற்ற வேண்டும் என்று பொருளல்ல, மின்சாரம் துண்டிக்கப்பட்டிருக்கிறது.

பிரிட்டன் மின்பணியாளர்கள் 'ப்ரூவ் டெட்' என்று ஒரு நடைமுறையையே இந்தச் சொல்லால் அழைக்கிறார்கள். மின்சாரத்தைத் துண்டித்துப் பூட்டியபின், சோதனைக் கருவியை முதலில் மின்சாரம் உறுதியாக இருக்கும் ஓரிடத்தில் வைத்து அது வேலைசெய்கிறதா என்று பார்ப்பார்கள். பிறகு வேலை செய்யப்போகும் கம்பியில் வைப்பார்கள். அதன்பின் மறுபடியும் முதல் இடத்திலேயே வைத்துப் பார்ப்பார்கள். மூன்றாவது சோதனை எதற்கென்றால், நடுவில் கருவியே பழுதாகியிருந்தால் ஓடுகிற கம்பியையும் அது ஓடாதது என்று காட்டியிருக்கும். ஆகவே யாராவது வாயால் 'டெட்' என்றால் போதாது, சோதித்துக் காட்ட வேண்டும்.

கைப்பேசி, மடிக்கணினி விஷயத்தில் சொல்லின் இரண்டு வடிவங்களைக் குழப்பாதீர்கள். 'மை ஃபோன் டைட்' என்பது நடந்த நிகழ்வு: பேசிக்கொண்டிருக்கும்போது அணைந்துவிட்டது. 'மை ஃபோன் இஸ் டெட்' என்பது இப்போதைய நிலை. பெரும்பாலும் சார்ஜ் இல்லை என்பதே இதன் பொருள். பழுதாகிவிட்டது என்று சொல்ல வேண்டுமானால் 'இட் வோன்ட் டர்ன் ஆன்' என்று தெளிவாகச் சொல்லுங்கள். பழுது பார்ப்பவருக்கும் அதுதான் உதவும். புதிதாக வாங்கிய கருவி பெட்டியைப் பிரித்ததுமே இயங்கவில்லையா? 'டெட் ஆன் அரைவல்' என்று எழுதினால் விற்றவருக்கு உடனே புரியும். மருத்துவமனைக்குக் கொண்டுவரும் முன்பே உயிர் பிரிந்தது என்ற மருத்துவக் குறிப்பிலிருந்து வந்த தொடர் அது. அரசியலில், அவைக்கு வரும் முன்பே தோல்வி உறுதியாகிவிட்ட மசோதாவையும் அப்படிச் சொல்வார்கள்.

ஒட்டுச் சொற்கள் சில, அவற்றின் பிறப்போடு

பிறந்த கதை தெரிந்தால் இவற்றின் பொருள் மறக்காது.

'டெட்லைன்' என்பதை நாம் தினமும் சொல்கிறோம். அமெரிக்க உள்நாட்டுப் போரில், 1864இல், ஜார்ஜியா மாநிலத்தின் ஆண்டர்சன்வில் சிறைமுகாமில் போர்க்கைதிகள் அடைக்கப்பட்டிருந்தார்கள். வெளிச்சுவருக்கு உட்புறம் ஏறக்குறைய 19 அடி தள்ளி ஒரு தாழ்வான வேலி. அதைத் தாண்டிய கைதியை, ஏன் எதற்கு என்று கேட்காமல் காவலர்கள் சுடலாம். அந்தக் கோடுதான் 'டெட்லைன்'. முகாமின் தளபதி ஹென்றி விர்ஸ் 1865 நவம்பரில் தூக்கிலிடப்பட்டார். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்கச் செய்தித்தாள் அலுவலகங்களில் இந்தச் சொல் காலக்கெடுவைக் குறிக்கத் தொடங்கியது. அலுவலகத்தில் 'டிராப்-டெட் டேட்' என்று யாராவது சொன்னால் இன்னும் கவனமாகக் கேளுங்கள். 'டெட்லைன்' சில சமயம் தள்ளிப்போகலாம். இது தள்ளிப்போகாத கடைசி நாள்.

'டெட் ஹீட்' குதிரைப்பந்தயத்திலிருந்து வந்தது. 'ஹீட்' என்றால் ஒரு சுற்று ஓட்டம். இரண்டு குதிரைகள் மூக்கும் மூக்கும் சமமாக வந்துவிட்டால் அந்தச் சுற்று செல்லாது, அதாவது 'டெட்'. இன்று எந்தப் போட்டியிலும் சரிசமமான முடிவுக்கு இந்தப் பெயர்.

'டெட் ரிங்கர்' என்றால் அச்சு அசலாக இன்னொருவரைப் போலவே இருப்பவர். 19ஆம் நூற்றாண்டு அமெரிக்கப் பந்தயத் திடலில், மெதுவான குதிரையின் பெயரில் வேகமான குதிரையை ஏமாற்றி இறக்குவார்கள். அப்படி இறக்கப்பட்ட குதிரை 'ரிங்கர்'. உயிரோடு புதைக்கப்பட்டவர் அடிப்பதற்காகச் சவப்பெட்டியில் மணி கட்டினார்கள், அதிலிருந்து வந்த சொல் இது என்று ஒரு கதை பரவலாகச் சுற்றுகிறது. அது உண்மையல்ல, பகிராதீர்கள். கடலில் திசை, வேகம், கழிந்த நேரம் ஆகியவற்றைக் கொண்டு கப்பல் எங்கே இருக்கிறது என்று கணிக்கும் 'டெட் ரெக்கனிங்' பற்றியும் இப்படி ஒரு கட்டுக்கதை உண்டு. வேறொரு நீண்ட சொல்லின் சுருக்கமே இந்த 'டெட்' என்பார்கள், அதற்குச் சான்றில்லை.

'டெட்பான்' என்றால் முகத்தில் துளியும் சிரிப்பில்லாமல் நகைச்சுவை சொல்வது. 'பான்' என்பது அக்காலக் கொச்சையில் முகம். இப்படிப் பேசுபவர்களோடு பழகும்போது, அவர் சொன்னது உண்மையா கிண்டலா என்று குழம்பினால் 'ஆர் யூ ஸீரியஸ்?' என்று கேட்டுவிடலாம், தவறே இல்லை.

பங்குச்சந்தையில் 'டெட் கேட் பவுன்ஸ்' என்று கேட்டால் வாங்க ஓடாதீர்கள். மிக உயரத்திலிருந்து விழுந்தால் செத்த பூனைகூட ஒருமுறை துள்ளும் என்ற கொடூரமான உவமை அது. சரிந்துகொண்டிருக்கும் விலை சற்றே ஏறி, மறுபடியும் சரியும் தற்காலிக எழுச்சியைக் குறிக்கிறது.

'டெட்ஹெட்' ஒன்றே நாலைந்து வேலை பார்க்கும். தோட்டத்தில், வாடிய பூக்களைக் கிள்ளி எடுப்பது. லாரி ஓட்டுநருக்கு, சரக்கின்றி வெறும் வண்டியாகத் திரும்புவது. விமானப் பணியாளருக்கு, அடுத்த பணியிடத்துக்குப் பயணியாக அமர்ந்து செல்வது. இசை பேசும் இடத்தில், 1965இல் கலிபோர்னியாவில் தொடங்கிய கிரேட்ஃபுல் டெட் குழுவின் தீவிர ரசிகர்.

கிரிக்கெட் பார்ப்பவர்களுக்கு 'டெட் பால்' தெரிந்ததே. விதிப்புத்தகத்தில் 20ஆம் விதி முழுக்க அதற்குத்தான். தொடரின் வெற்றி தோல்வி முடிவான பின்னும் ஆடவேண்டியிருக்கும் ஆட்டம் 'டெட் ரப்பர்'.

பேச்சுக் கொச்சை: ஊரும் வயதும் பார்த்து

'ஐ ஆம் டெட்' என்பதை முன்வரியோடு சேர்த்தே படிக்க வேண்டும். முன்னால் நகைச்சுவை இருந்தால், சிரித்துச் சிரித்துச் செத்தேன். முன்னால் தவறு ஒன்று இருந்தால், மாட்டிக்கொண்டேன். நாள் முழுக்க உழைத்தபின் சொன்னால், களைத்துவிட்டேன். தமிழில் 'செத்தேன்' என்ற ஒரே சொல் இந்த மூன்றையும் தாங்குகிறது: 'சிரிச்சே செத்தேன்', 'அப்பா பாத்தா செத்தேன்', 'மூட்டை தூக்கியே செத்தேன்'. ஆகவே இந்த ஒன்றைத் தமிழ்க் காதோடு கேட்டாலே போதும்.

மண்டையோட்டுக் குறியும் இப்போது சிரிப்புக்கு அடையாளம். ஆனால் வயதில் மூத்தவர்கள் பலருக்கு அது இன்னும் மண்டையோடுதான். துக்கச் செய்தி வந்த குழுவில், நாலு வரி மேலே இருந்த நகைச்சுவைக்கு அதைப் போட்டால், துக்கத்துக்குப் போட்டதாகவே எல்லோரும் படிப்பார்கள்.

லண்டன் இளைஞர் பேச்சில் 'தட்ஸ் டெட்' என்றால் சுவாரசியமே இல்லை, மட்டம். மான்செஸ்டரில் 'டெட் குட்' பாராட்டு. லண்டனில் வெறும் 'டெட்' குறை. பின்னால் வேறு சொல் வருகிறதா என்று பார்த்தால் பிரித்துவிடலாம்.

வட அயர்லாந்தில் 'டெட் ஆன்' என்றால் 'சரி, நல்லது'. ஒருவரைப் பற்றிச் சொன்னால் நல்ல ஆள். மற்ற இடங்களில் அதே தொடர் 'மிகச் சரியான கணிப்பு' என்று பொருள்படும். அயர்லாந்தில் 'டெட்லி' என்பது அபாரம். ஆஸ்திரேலியப் பூர்வகுடி மக்களின் ஆங்கிலத்திலும் அப்படித்தான். அவர்களின் சாதனையாளர்களுக்கு 1995 முதல் 2013 வரை வழங்கப்பட்ட விருதுகளுக்கே 'தி டெட்லிஸ்' என்று பெயர். அங்கே உங்களை 'டெட்லி' என்றால் மகிழ்ச்சியோடு நன்றி சொல்லுங்கள்.

நியூயார்க் இளைஞர்கள் 'சத்தியமா' என்ற இடத்தில் 'டெட்ஆஸ்' என்பார்கள். இரண்டாம் பாதி கொச்சையானது. கேட்டால் புரிந்துகொள்ளுங்கள், அலுவலகத்தில் சொல்லாதீர்கள். 'டெட் ப்ரெசிடென்ட்ஸ்' என்றால் டாலர் நோட்டுகள், அவற்றிலுள்ள படங்களால் வந்த பெயர். 100 டாலரில் இருக்கும் பெஞ்சமின் ஃப்ராங்க்ளினும் 10 டாலரில் இருக்கும் அலெக்சாண்டர் ஹாமில்டனும் அதிபர்களாக இருந்ததே இல்லை என்றாலும் வழக்கு அப்படியே நிலைத்துவிட்டது.

திட்டும் மிரட்டலும் தனி வகை. 'டிராப் டெட்' என்று தனியாகச் சொன்னால் 'செத்துத் தொலை'. அதற்குப் பின் 'கார்ஜஸ்' சேர்ந்தால் கண்ணைப் பறிக்கும் அழகு. 'யூ ஆர் டெட் மீட்' என்றால் 'தொலைஞ்ச நீ'. 'ஓவர் மை டெட் பாடி' என்றால் 'என் பிணத்தைத் தாண்டித்தான் அது நடக்கும்'. தமிழிலும் அப்படியே உண்டு. 'ஹி இஸ் டெட் டு மீ' என்றால் உறவை அறுத்துத் தலைமுழுகியாயிற்று. இவற்றுக்கு நடுவில் 'நாக் தெம் டெட்' மட்டும் வாழ்த்து: மேடை ஏறும் முன் சொன்னால், அவையை அசத்திவிட்டு வா என்று பொருள்.

உண்மையான சாவைப் பேசும்போது

மற்ற எதில் தவறினாலும் இதில் தவறக் கூடாது. இறந்தவர் வீட்டாரிடம் 'டெட்' என்ற சொல்லை எடுக்காதீர்கள். 'இஸ் யுவர் ஃபாதர் டெட்?' என்பது, 'உங்க அப்பா செத்துட்டாரா?' என்று முகத்துக்கு நேரே கேட்பதைப் போலச் சுடும். 'பாஸ்ட் அவே' என்பதே காலமானார், தவறிவிட்டார் என்பவற்றின் மரியாதை நிலை. 'ஐ ஆம் ஸோ ஸாரி டு ஹியர் அபவுட் யுவர் ஃபாதர்' என்ற ஒரு வரி போதும்.

'எக்ஸ்பயர்ட்' என்ற சொல்லை நாம் மரியாதை என்று நினைத்து மின்னஞ்சலில் எழுதுகிறோம். பிற நாட்டவர் பலருக்குக் கெட்டுப்போன பாலும் காலாவதியான பாஸ்போர்ட்டும்தான் அதில் நினைவுக்கு வரும். விடுப்புக் கடிதத்திலும் 'பாஸ்ட் அவே' என்றே எழுதுங்கள்.

அதேபோல் 'டெட் பாடி' தமிழ்ப் பேச்சில் சாதாரணமாகப் புழங்குகிறது. ஆங்கிலத்தில் அது காவல்துறை வாடை அடிக்கும் சொல். குடும்பத்தாரிடம் பேசும்போது உடலையும் பெயராலோ உறவுமுறையாலோ குறிப்பதுதான் நாகரிகம்.

இலக்கணத்தில் மூன்று வரிகளை மட்டும் மனதில் பதியுங்கள். நிகழ்வு: 'ஹி டைட் இன் 2010'. நிலை: 'ஹி இஸ் டெட்'. கால நீட்சி: 'ஹி ஹாஸ் பீன் டெட் ஃபார் டென் இயர்ஸ்'. 'ஹி இஸ் டைட்', 'ஹி வாஸ் டெட் இன் 2010' இரண்டும் நம்மவர் அடிக்கடி செய்யும் பிழைகள். 2010இல் இறந்தார் என்று சொல்ல நினைத்து இரண்டாவதைச் சொன்னால், அந்த ஆண்டில் அவர் இறந்த நிலையில் இருந்தார் என்றாகி, இப்போது எப்படி என்ற கேள்வியை எழுப்பும்.

'டெட்நேம்' என்று ஒரு சொல்லும் உண்டு. பாலினம் மாறியவர்கள் துறந்துவிட்ட பழைய பெயர் அது. அந்தப் பெயரால் அவரை அழைப்பதும் அதே சொல்தான், வினையாக. தெரியாமல் அழைத்துவிட்டால் உடனே மன்னிப்புக் கேட்டு, இப்போதைய பெயரைச் சொல்லித் தொடருங்கள். நீளமான விளக்கம் அவருக்கு மேலும் சங்கடம்.

எதைக் கேட்பது, எதைப் பேசுவது

மேலே உள்ள எல்லாவற்றையும் கேட்டால் புரிய வேண்டும். ஆனால் முதல் சில மாதங்களுக்கு வாயில் எடுக்க 'டெட் பேட்டரி', 'டெட் எண்ட்', 'டெட் டயர்ட்', 'டெட் ஸீரியஸ்', 'டெட்லைன்' ஆகிய ஐந்து போதும். எந்த நாட்டிலும் எந்த வயதினரிடமும் இவை உறுத்தாது. கொச்சை வழக்குகளை, ஒரே ஊர்க்காரர் இரண்டு மூன்று பேர் வாயில் கேட்டபின் எடுத்துக்கொள்ளலாம்.

இப்போது இவற்றைச் சொல்லிப் பாருங்கள். 'தி ஷாப் வாஸ் டெட், ஸோ வீ க்ளோஸ்ட் எர்லி': ஆள் வரவே இல்லை, சீக்கிரம் சாத்திவிட்டார்கள். 'ஐ வாஸ் டெட் ஆன் மை ஃபீட்': நிற்கக்கூட முடியாத களைப்பு. 'ஹி கட் மீ டெட்': வெட்டியதாக நினைக்காதீர்கள், என்னைப் பார்த்தும் பாராததுபோல் போனான். 'ஐ வுடின்ட் பி காட் டெட் இன் தட் ஹேட்': அந்தத் தொப்பியைச் செத்தாலும் போடமாட்டேன். 'தி லைன் இஸ் டெட்': தொலைபேசியில் இருந்தவர் சொன்னால் இணைப்பு அறுந்துவிட்டது, மறுபடி கூப்பிடுங்கள், மின்கம்பத்தடியில் நிற்பவர் சொன்னால், கருவியை வைத்து மூன்று முறை பார்த்தாரா என்று கேட்டுவிட்டுத் தொடுங்கள்.